அணுமின் நிலையத்திலேயே கரண்ட் போனால்? டார்ச் லைட்டோடு 17 மணி நேரம் போராடிய ஊழியர்கள்!

அம்பத்தூர்:

2016 டிசம்பர் 12-ந்தேதி வர்தா புயல் அடித்தபோது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதி மக்கள் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. மரங்கள் வேரோடு சாய்ந்து மின்கம்பிகள் அறுந்தன. பல தெருக்களுக்கு நாள் கணக்கில் கரண்ட் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே கதைதான். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் வெள்ளம் புகுந்து மெஷின்கள் தண்ணீரில் முழுகின. வீட்டு இன்வெர்ட்டர் சில மணி நேரத்தில் மூச்சை விட்டது. அப்புறம் சார்ஜ் லைட். அதுவும் போன பிறகு மெழுகுவர்த்தி.

வீட்டில் கரண்ட் போனால் கொசுக்கடி, புழுக்கம், செல்போனில் சார்ஜ் இல்லை, மோட்டார் ஓடாததால் தண்ணீர் இல்லை. இரண்டு மூன்று நாள் எப்படியோ தள்ளிவிடலாம். ஆனால் கரண்ட் தயாரிக்கிற அணுமின் நிலையத்திலேயே கரண்ட் போனால் என்ன ஆகும்?

"கரண்ட் தயாரிக்கிற இடத்துல எப்படிங்க கரண்ட் போகும்?" என்று கேட்கலாம். போகும். நம் நாட்டிலேயே ஒரு முறை போயிருக்கிறது. 17 மணி நேரம் போயிருக்கிறது. அன்று நிலைமையைக் காப்பாற்றியதில் கையில் பிடிக்கும் சாதாரண டார்ச் லைட்டுக்கும் பங்கு உண்டு.

சென்னைக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டரில் கல்பாக்கம் இருக்கிறது. 220 மெகாவாட் உலைகள் இரண்டோடு 1980-களில் இருந்து இருக்கும் நிலையம். எனவே இது ஏதோ வெளிநாட்டு சமாச்சாரம் அல்ல.

அடுப்பை அணைத்தாலும் ஆறாத சூடு

முதலில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அணு உலையை நிறுத்துவது சுலபம். ஒரு பட்டனை அழுத்தினால் சில விநாடியில் நின்றுவிடும். ஆனால் அதன் சூடு நிற்காது.

விறகு அடுப்பில் சோறு வடிக்கிறவர்களுக்கு இது தெரியும். எரிகிற கட்டையை வெளியே இழுத்துப் போட்டாலும் அடியில் கிடக்கும் தணல் சும்மா இருக்காது. பானையில் தண்ணீர் இல்லாவிட்டால் சோறு கருகிவிடும். அணு உலையிலும் அப்படித்தான். யுரேனியம் பிளவுபடுவது நின்ற பிறகும், ஏற்கனவே பிளந்த துண்டுகளில் இருந்து வெப்பம் வந்துகொண்டே இருக்கும்.

220 மெகாவாட் கரண்ட் எடுக்கும் உலையில் உண்மையில் உண்டாகும் வெப்பம் 750 மெகாவாட்டுக்கு மேல். அதை நிறுத்திய அந்த நிமிஷத்தில் 6 சதவீதம் வெப்பம் மிச்சம் இருக்கும். அதாவது 45 மெகாவாட். பக்கெட்டில் போட்டு வெந்நீர் வைக்கிறோமே, ஒரு கிலோவாட் ஹீட்டர் கம்பி, அதில் 45 ஆயிரம் கம்பிகளை ஒரே தொட்டியில் போட்டது போல. ஒரு நாள் கழித்துப் பார்த்தாலும் அரை சதவீதம் அளவுக்கு வெப்பம் வந்துகொண்டுதான் இருக்கும். அது 4 ஆயிரம் கம்பிகளுக்கு சமம்.

இந்தச் சூட்டை எடுக்கத் தண்ணீர் ஓட வேண்டும். தண்ணீர் ஓட பம்ப் வேண்டும். பம்ப் ஓட கரண்ட் வேண்டும். உலை நின்றுவிட்டதால் அந்த நிலையம் கரண்ட் தயாரிக்காது. வெளியே இருந்துதான் வர வேண்டும். வெளி லைனும் அந்த நேரம் பார்த்து போய்விட்டால்தான் சிக்கலே ஆரம்பம்.

நாலு வகை கரண்ட்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நடுத்தர கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண நேரத்தில் ஈ.பி. கரண்ட். அது போனால் வாசலில் நிற்கும் டீசல் ஜெனரேட்டர் ஓடும். ஆபீஸ் ரூமில் கம்ப்யூட்டர் அணையாமல் இருக்க யு.பி.எஸ். அந்த யு.பி.எஸ்.சுக்குக் கீழே வரிசையாக பேட்டரி.

கல்பாக்கம் போன்ற இந்திய அணுமின் நிலையங்களிலும் அடிப்படை இதேதான். அளவுதான் மலைக்கும் மடுவுக்கும். அங்கே இவற்றை நாலு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வெளி லைனில் இருந்தும் சொந்த ஜெனரேட்டரில் இருந்தும் வரும் சாதாரண கரண்ட் நாலாம் வகுப்பு. டீசல் ஜெனரேட்டர் தாங்கிப் பிடிப்பது மூன்றாம் வகுப்பு. யு.பி.எஸ். மாதிரி விநாடி கூட அறுந்து போகாமல் வருவது இரண்டாம் வகுப்பு. பேட்டரியில் இருந்து நேராக வரும் டி.சி. கரண்ட்தான் ஒண்ணாம் வகுப்பு. நம்பர் குறையக் குறைய நம்பிக்கை அதிகம் என்று அர்த்தம்.

விளக்குகளையும் இதற்கு ஏற்ற மாதிரி பங்கு போட்டு வைப்பார்கள். பெரும்பாலான விளக்குகள் சாதாரண கரண்டில் எரியும். அது போனால் அணையும். அதனால் கெடுதல் இல்லை. அங்கங்கே சில விளக்குகள் ஜெனரேட்டர் கரண்டில் இருக்கும். ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆகி சுமையைத் தாங்கும் வரைக்கும் சில விநாடிகள் இருட்டு இருக்குமே, அந்த இடைவெளியில் கண்ட்ரோல் ரூமில் இருப்பவர்கள் மீட்டரைப் பார்க்காமல் இருக்க முடியாது. அதனால் கண்ட்ரோல் ரூம் போன்ற முக்கியமான இடங்களில் மட்டும் சில விளக்குகள் பேட்டரியில்.

மின்சார ரெயிலில் போகிறவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். ஓடிக்கொண்டு இருக்கும்போதே சில இடங்களில் பேன் நின்று, விளக்கெல்லாம் அணைந்து, ஒன்றிரண்டு விளக்கு மட்டும் எரியும். சில விநாடியில் எல்லாம் திரும்பி வந்துவிடும். மேலே கம்பியில் கரண்ட் இல்லாத இடத்தை ரெயில் தாண்டுகிறது. அந்த ஒன்றிரண்டு விளக்கு எரிவது ரெயிலிலேயே இருக்கும் பேட்டரியில். அதே யோசனைதான்.

இதற்கெல்லாம் மேலே இன்னொரு ரகம் இருக்கிறது. நம் வீட்டு எமர்ஜென்சி லைட் மாதிரி, தன் பெட்டிக்குள்ளேயே பேட்டரி வைத்திருக்கும் விளக்கு. படிக்கட்டு, வெளியே போகும் வழி, கையால் திறக்க வேண்டிய வால்வு இருக்கும் மூலை, இப்படிப்பட்ட இடங்களுக்கு ஏற்றது. இந்தக் கட்டுரையின் ஹீரோ இதுதான். ஏன் என்பதற்கு நரோராவுக்குப் போக வேண்டும்.

நள்ளிரவு தாண்டி 3.31 மணி

உத்தரப் பிரதேச மாநிலம் புலந்த்சாகர் மாவட்டத்தில் கங்கைக் கரையில் இருப்பது நரோரா அணுமின் நிலையம். கல்பாக்கம் போலவே கனநீர் உலை. அதே 220 மெகாவாட்.

1993 மார்ச் 31-ந்தேதி விடியற்காலை 3.31 மணி. நைட் ஷிப்ட் ஊழியர்கள் வேலையில் இருந்தனர். முதல் யூனிட்டில் டர்பைன் நிமிஷத்துக்கு 3 ஆயிரம் சுற்று வேகத்தில் ஓடிக்கொண்டு இருந்தது. திடீரென அதில் இரண்டு பிளேடுகள் முறிந்தன.

இந்த வேகத்தில் சுற்றும் ஒரு சக்கரத்தில் இரண்டு இதழ் போனால் என்ன ஆகும்? மொத்த மெஷினும் பேய் பிடித்த மாதிரி ஆடியது. ஜெனரேட்டரைக் குளிர வைக்க அதற்குள் ஹைட்ரஜன் வாயு நிரப்பி இருப்பார்கள். ஆட்டத்தில் அந்த சீல் பிய்ந்து வாயு வெளியே பீறிட்டு தீப்பிடித்தது. ஆயில் பைப்புகளும் உடைந்ததால் எண்ணெயும் சேர்ந்து எரிந்தது.

ஊழியர்கள் ஒரு நிமிஷத்துக்குள் உலையை நிறுத்திவிட்டனர். அதில் தாமதம் எதுவும் இல்லை. ஆனால் தீ சும்மா இருக்கவில்லை. கேபிள்களைப் பிடித்துக்கொண்டு நகர ஆரம்பித்தது.

இங்கேதான் விஷயம். டீசல் ஜெனரேட்டர் இருந்தது. பேட்டரி இருந்தது. எல்லாம் நல்ல நிலையில் இருந்தது. ஆனால் சாதாரண கரண்ட் வரும் கேபிளும், அவசரத்துக்கு வைத்திருந்த கரண்ட் வரும் கேபிளும் ஒரே பாதையில், பக்கத்து பக்கத்தில் போட்டிருந்தார்கள். நெருப்பு தாவாமல் தடுக்க நடுவில் ஒன்றும் இல்லை. தீ பிடித்த சில நிமிஷங்களில் எல்லாம் சேர்ந்து எரிந்தன. நிலையம் முழுக்க கும்மிருட்டு.

வீட்டில் இன்வெர்ட்டர் வாங்கி வைத்து, அதன் ஒயரையும் மெயின் ஒயரையும் ஒரே பைப்பில் இழுத்தால் என்ன ஆகும்? பைப் எரிந்தால் இரண்டும் போச்சு. அவ்வளவுதான்.

அடுத்த அடி கண்ட்ரோல் ரூமுக்கு. காற்று வரும் வழியாக புகை உள்ளே நுழைந்தது. மூச்சு முட்டியதால் ஊழியர்கள் அறையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட நேரத்துக்கு என்றே வேறொரு இடத்தில் மாற்றுக் கண்ட்ரோல் ரூம் இருந்தது. ஆனால் அங்கேயும் கரண்ட் இல்லை. மீட்டர் எதுவும் உயிரோடு இல்லை.

ஒரு கையில் டார்ச், மறு கையில் வால்வு

இனி செய்ய வேண்டியதை எல்லாம் மனுஷன்தான் நடந்து போய் கையால் செய்ய வேண்டும்.

உலையை நிறுத்தியாகிவிட்டது. ஆனால் அது ஆற ஆற, உள்ளே மறுபடி அணுப்பிளவு தொடங்கிவிடுமோ என்ற பயம் இருந்தது. அதைத் தடுக்க போரான் கலந்த திரவத்தை உள்ளே விட வேண்டும். நியூட்ரான்களை விழுங்கிவிடும் சரக்கு அது. தொட்டி மேலே இருந்தது. வால்வைத் திறந்தால் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவது போல் தானாக இறங்கிவிடும். பம்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஆனால் வால்வைத் திறக்க ஆள் மேலே போக வேண்டும்.

ஊழியர்கள் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு, இருட்டில் உலைக் கட்டிடத்தின் உச்சிக்கு ஏறினார்கள். கையாலேயே வால்வுகளைத் திறந்தார்கள். போரான் உள்ளே இறங்கியது.

பக்கத்துக் கட்டிடத்தில் தீ. லிப்ட் கிடையாது. தெரிந்த படிக்கட்டுதான் என்றாலும் இருட்டில் எல்லாமே புதுசாகத் தெரியும். வெளிச்சத்தில் இருந்து இருட்டுக்குப் போனால் கண் முழுசாகப் பழக 20, 30 நிமிஷம் ஆகும் என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு. டார்ச்சைப் பிடித்தால் ஒரு கை போச்சு. ஏணியில் ஏற ஒரு கைதான் மிச்சம். வால்வைத் திருப்பவோ இரண்டு கையும் வேண்டும். டார்ச்சை எங்கே வைப்பது?

சினிமாவில் இதை எல்லாம் சைரன் சத்தத்தோடு காட்டுவார்கள். நிஜத்தில் இருட்டில் ஒரு வால்வின் நம்பர் பலகையைத் தேடுவதுதான் வேலை.

இன்னொரு பக்கம் சூட்டை எடுக்கத் தண்ணீர் வேண்டுமே? அங்கே தீயணைக்க வைத்திருந்த பம்புகள் கை கொடுத்தன. அவை கரண்டில் ஓடுபவை அல்ல. வயலில் ஓடும் டீசல் பம்ப் செட் மாதிரி சொந்த இன்ஜினில் ஓடுபவை. அவற்றைக் கிளப்பி, நீராவி உண்டாக்கும் பாய்லர்களுக்குள் தண்ணீரைச் செலுத்தினார்கள். உலைக்குள் இருந்த நீர் சூடு பட்டு மேலே போய், ஆறிக் கீழே இறங்கி, பம்ப் இல்லாமலே சுற்றிக்கொண்டு இருந்தது. உலை தப்பியது.

கரண்ட் திரும்பி வர 17 மணி நேரம் ஆனது. கதிர்வீச்சு வெளியே கசியவில்லை. உயிர்ச்சேதம் இல்லை. ஆனாலும் உலக அளவில் அணு விபத்துகளை அளக்கும் 7 படி அளவுகோலில் இது 3-வது படியில் வைக்கப்பட்டது. அந்த யூனிட்டை மறுபடி ஓட்ட ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது.

ஒரு கணக்கைப் பாருங்கள். விபத்து நடந்தது விடியற்காலை மூன்றரை மணி. இரண்டு இரண்டரை மணி நேரத்தில் பொழுது விடிந்துவிட்டது. அப்புறம் வெளிச்சத்துக்கு என்ன குறை என்று தோன்றும். ஆனால் அணு உலைக் கட்டிடத்துக்கு ஜன்னல் கிடையாது. தடியான கான்கிரீட் சுவர். வெளியே மார்ச் மாத வெயில் கொளுத்தினாலும் உள்ளே நடுராத்திரிதான்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மெழுகுவர்த்தி!

நரோராவுக்கு 18 வருஷம் முன்பே அமெரிக்காவில் கிட்டத்தட்ட இதே பாடம் படிக்கப்பட்டிருந்தது.

அலபாமா மாநிலத்தில் உள்ள பிரவுன்ஸ் பெர்ரி அணுமின் நிலையம். 1975 மார்ச் 22-ந்தேதி, கேபிள்கள் சுவரைத் தாண்டிப் போகும் ஓட்டைகளில் காற்று கசிகிறதா என்று ஊழியர்கள் பார்த்துக்கொண்டு இருந்தனர். எதை வைத்து என்கிறீர்கள்? மெழுகுவர்த்தியை வைத்து! சுடர் ஆடினால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்க வைத்திருந்ததோ, எளிதில் பற்றிக்கொள்ளும் நுரை. சுடரைக் காற்று உள்ளே இழுக்க, நுரை பற்றிக்கொண்டது. சுமார் 7 மணி நேரம் எரிந்த தீயில் 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்கள் நாசமாயின. இரண்டு உலைகளின் பாதுகாப்புக் கருவிகள் பல செயல் இழந்தன. நல்லவேளையாக கதிர்வீச்சு வெளியே போகவில்லை.

கோடிக்கணக்கில் செலவு செய்த நிலையத்தை ஒரு மெழுகுவர்த்தி ஆட்டிப் படைத்ததை உலகமே வேடிக்கை பார்த்தது.

அதன் பிறகு 1980-ல் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் கடுமையான தீத்தடுப்பு விதிகளைக் கொண்டு வந்தது. கேபிள்களைப் பிரித்துப் போடு, நடுவில் தீத்தடுப்பு சுவர் வை என்பது அதில் ஒன்று. இன்னொன்று விளக்கு சம்பந்தப்பட்டது. உலையைப் பத்திரமாக நிறுத்தத் தேவையான கருவி இருக்கும் இடத்திலும், அங்கே போய்வரும் வழியிலும் குறைந்தது 8 மணி நேரம் எரியும் பேட்டரி விளக்கு இருந்தே ஆக வேண்டும் என்றது அந்த விதி.

போய்வரும் வழியிலும் என்று சேர்த்திருப்பதுதான் கவனிக்க வேண்டியது. வால்வுக்கு மேலே மட்டும் விளக்கு இருந்தால் போதாது. அந்த வால்வு வரைக்கும் கால் வைக்கிற ஒவ்வொரு படியும் தெரிய வேண்டும். நரோராவில் 17 மணி நேரம் கரண்ட் இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால் 8 மணி நேரம் என்பதே பாதிக் கணக்குதான்.

நரோராவுக்குப் பிறகு இந்திய நிலையங்களிலும் கேபிள் பாதைகளைப் பிரிப்பது, நெருப்பு தாவாமல் தடுப்பு போடுவது போன்ற வேலைகள் செய்யப்பட்டன.

சுனாமி அன்று கல்பாக்கம்

2004 டிசம்பர் 26-ந்தேதி ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி அலை கல்பாக்கத்தையும் விட்டு வைக்கவில்லை. ஊழியர் குடியிருப்பிலும் சுற்று வட்டார மீனவ கிராமங்களிலும் பலர் உயிரிழந்தனர்.

அன்று முதல் யூனிட் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டு இருந்தது. இரண்டாவது யூனிட் ஓடிக்கொண்டு இருந்தது. கடல் தண்ணீரை இழுக்கும் பம்ப் ஹவுசுக்குள் அலை புகுந்து பம்புகள் நின்றன. ஊழியர்கள் உடனே உலையை நிறுத்தினர். உலைக் கட்டிடத்துக்குள் தண்ணீர் போகவில்லை. முக்கியமாக, வெளியில் இருந்து வரும் கரண்ட் துண்டிக்கப்படவில்லை. விளக்கும் எரிந்தது, மீட்டரும் ஓடியது. 2005 ஜனவரி 2-ந்தேதி அந்த யூனிட் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

அலை வந்த நேரத்தில் லைனும் போயிருந்தால்? அதற்கான பதிலை ஆறு வருஷம் கழித்து ஜப்பான் பார்த்தது.

கார் பேட்டரியைக் கழற்றி ஓடினார்கள்

2011 மார்ச் 11-ந்தேதி ஜப்பானில் பயங்கர நிலநடுக்கம். புகுஷிமா அணுமின் நிலையத்துக்கு வெளி லைன் போனது. டீசல் ஜெனரேட்டர்கள் ஒழுங்காக ஓட ஆரம்பித்தன. முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு சுனாமி வந்தது. ஜெனரேட்டர், பேட்டரி, சுவிட்ச் போர்டு பலவும் கட்டிடங்களின் அடித்தளத்தில் இருந்தன. எல்லாம் கடல் தண்ணீரில் முழுகின.

அடுக்குமாடி குடியிருப்பில் மீட்டர் பெட்டியைக் கீழ்த்தளத்தில் வைத்துவிட்டு மழைக்காலத்தில் தவிக்கிறார்களே, அந்தத் தப்புதான். இடம் மட்டும் ஜப்பான்.

முதல் இரண்டு யூனிட்டுகளுக்குப் பொதுவான கண்ட்ரோல் ரூமில் ஒரு பக்கம் மங்கலாக எமர்ஜென்சி விளக்கு. மறு பக்கம் அதுவும் இல்லை. உலைக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மீட்டரே செத்துக் கிடந்தது. ஊழியர்கள் அங்கே நின்ற பஸ், கார்களில் இருந்து பேட்டரிகளைக் கழற்றிக் கொண்டு வந்து, கண்ட்ரோல் ரூம் மீட்டர்களுக்கு ஒயர் கொடுத்துப் பார்த்தார்கள். டார்ச் வெளிச்சத்தில் மீட்டரைப் படித்தார்கள்.

மறுநாள் முதல் யூனிட்டில் அழுத்தம் ஏறியதால் நீராவியை வெளியேற்றியாக வேண்டிய கட்டாயம். கவச உடை போட்டுக்கொண்டு, டார்ச்சோடு இரண்டிரண்டு பேராக உள்ளே போனார்கள். முதல் ஜோடி ஒரு வால்வைத் திறந்தது. அடுத்து போனவர்கள் கதிர்வீச்சு மிக அதிகமாக இருந்ததால் பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. ஓடிக்கொண்டு இருந்த மூன்று உலைகளும் உருகின.

அதே வளாகத்தில் 5, 6-வது யூனிட்டுகள் மட்டும் தப்பின. காரணம், 6-வது யூனிட்டுக்கு இருந்த ஒரே ஒரு ஜெனரேட்டர். கொஞ்சம் உயரமான இடத்தில் இருந்தது. குளிர வைக்கக் கடல் தண்ணீர் தேவையில்லை, காற்றே போதும். ஒரு ஜெனரேட்டர் எங்கே வைக்கப்பட்டது என்பதுதான் இரண்டு உலைகளின் தலையெழுத்தை முடிவு செய்தது.

இந்தியாவில் என்ன மாற்றினார்கள்?

புகுஷிமாவுக்குப் பிறகு இந்திய அணுமின் கழகமும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் கமிட்டிகள் போட்டு கல்பாக்கம் உள்பட எல்லா நிலையங்களையும் மறுபடி அலசின. வெளியில் இருந்து ஹோஸ் பைப் மாட்டி உலைக்குத் தண்ணீர் கொடுக்க இணைப்புகள், இழுத்துப் போகக்கூடிய ஜெனரேட்டர்கள், தனி பம்புகள், பேட்டரி நேரத்தைக் கூட்டுவது, நிலநடுக்கம் வந்தால் உலை தானாக நிற்பது என்று பல வேலைகள் எடுக்கப்பட்டன.

அந்தப் பட்டியலில் பலர் கண்ணில் படாத ஒரு வரி உண்டு. சூரிய சக்தியில் எரியும் கூடுதல் எமர்ஜென்சி விளக்குகள். நம்ம பஞ்சாயத்து தெருக்களில் நிற்கும் சோலார் லைட்டின் அண்ணன் தம்பிதான். ஆனால் யோசனை சரியானது. அந்த விளக்குக்கு நிலையத்தின் கேபிளும் வேண்டாம், ஜெனரேட்டரும் வேண்டாம், பேட்டரி ரூமும் வேண்டாம். எது எரிந்தாலும், எது முழுகினாலும் அது தனி ஆள். பகலில் வெயில் குடித்து ராத்திரி எரியும். 8 மணி நேரம், 17 மணி நேரம் என்ற கணக்கே கிடையாது.

ஜன்னல் இல்லாத கட்டிடத்துக்கு உள்ளே சோலார் உதவாது என்பதும் உண்மை. உள்ளே பேட்டரிதான் கதி.

பேட்டரி செத்தது யாருக்குத் தெரியும்?

பேட்டரி என்பது சொல்லாமல் சாகும் சாமான். வீட்டில் எமர்ஜென்சி லைட் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். சிவப்புப் புள்ளி எரிகிறது, சார்ஜ் ஆகிறது என்று நினைத்திருப்போம். கரண்ட் போனதும் இரண்டு நிமிஷம் எரிந்து மங்கிவிடும். வெயில் ஏற ஏற பேட்டரி ஆயுள் குறையும். சுமார் 10 டிகிரி சூடு கூடினால் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் பாதியாகிவிடும் என்று ஒரு கணக்கு உண்டு. சென்னை வெயிலுக்கு, அதுவும் தகர ஷெட்டுக்குக் கீழே, கேட்கவே வேண்டாம்.

அதனால்தான் அணுமின் நிலையங்களில் விளக்கை மாட்டுவதோடு வேலை முடிவதில்லை. குறிப்பிட்ட நாட்களுக்கு ஒரு முறை டெஸ்ட் செய்து பதிவேட்டில் எழுத வேண்டும். எரிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. சொன்ன மணி நேரம் முழுசும் எரிகிறதா என்று ஓட விட்டுப் பார்க்க வேண்டும். விளக்கு திரும்பியிருக்கும் திசையையும் பார்க்க வேண்டும். யாரோ ஏணி வைக்கும்போது இடித்து, வால்வைப் பார்க்க வேண்டிய விளக்கு சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தால் எரிந்தும் பிரயோஜனம் இல்லை.

இந்த விஷயத்தில் நம் பக்கத்துக் கம்பெனிகளுக்கும் கல்பாக்கத்துக்கும் சட்டம் வேறு, சங்கதி ஒன்று. தேசிய கட்டிட விதித் தொகுப்பின்படி, கரண்ட் போன 5 விநாடிக்குள் வெளியேறும் வழியில் எமர்ஜென்சி விளக்கு எரிய வேண்டும். குறைந்தது ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்கள், பூந்தமல்லி ரோட்டில் கல்யாண மண்டபத்துக்குப் போகிறவர்கள், ஆவடியில் புதுசாக முளைத்திருக்கும் அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்கள் ஒரு முறை அண்ணாந்து பார்க்கலாம். பச்சை நிறத்தில் ஓடும் மனுஷன் படம் போட்ட பெட்டி இருக்கிறதா? இருந்தால் எரிகிறதா? தீயணைப்புத் துறை சான்றிதழுக்காக மாட்டி, அதற்குப் பிறகு யாரும் தொடாத பெட்டிகள் ஏராளம்.

பெரும்பாலான பெட்டிகளில் ஓரத்தில் டெஸ்ட் என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். அழுத்திப் பிடித்தால் பேட்டரியில் எரிய வேண்டும். பட்டன் இல்லாவிட்டால் அந்த லைனின் சுவிட்சை மெயின் போர்டில் அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எரியாவிட்டால் அல்லது உடனே மங்கினால் பேட்டரி மாற்ற வேண்டும். கம்பெனியில் சூப்பர்வைசரிடமோ, பாதுகாப்பு அதிகாரியிடமோ சொல்லலாம். குடியிருப்பில் சங்கத்து ஆட்களிடம் சொல்லலாம். ஜெனரேட்டர் இருக்கிறதே, எதற்கு இது என்று பதில் வந்தால், நரோராவிலும் ஜெனரேட்டர் இருந்தது.